கிணற்றடிப் பெட்டிக்குள் ஒரு வங்கி சிம்

"நான் கேட்காமலே ஓடிபி வருது அண்ணை. ராத்திரி ஒன்றரைக்கு மூன்று தரம்."

கிளிநொச்சியில் என்னிடம் இப்படிச் சொன்ன தம்பிக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். நான் வங்கித் தகவல் பாதுகாப்பில் வேலை செய்பவன். முதலில் போனைத்தான் பார்த்தேன். வட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) எதையும் அவர் போடவில்லை. ஓடிபியை, அதாவது வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை, யாருக்கும் வாசித்துச் சொல்லவுமில்லை. காசும் போகவில்லை. ஆனால் ஓடிபி வந்திருக்கிறது என்றால், வங்கிக் கடவுச்சொல்லைச் சரியாக அடித்து யாரோ வாசல்வரை வந்திருக்கக்கூடும்.

"ஓடிபி வாற சிம் எங்கே?" என்று கேட்டேன். "கிணற்றடியில" என்றார்.

மிளகாய்த் தோட்டத்து மோட்டரை எஸ்எம்எஸ்ஸில் போட்டு நிறுத்த அவரே ஒரு பெட்டி செய்திருந்தார். வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகையான ஈஎஸ்பி32, சிம் போட்டு எஸ்எம்எஸ் வாங்கும் சிம்800எல், மோட்டரைப் போட்டு நிறுத்தும் ஒரு ரிலே. நானும் சனி ஞாயிறுகளில் சோல்டரிங் அயனோடு குந்தியிருக்கிற ஆள் என்பதால் படத்தைக் காட்டச் சொல்லி ரசித்துப் பார்த்தேன். சிம்800எல்லுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் வேண்டும். அதுவும் சிக்னலைத் தேடும்போது 2 அம்பியர்வரை இழுக்கும். அது கிடைக்காவிட்டால் சும்மா சும்மா அணைந்து எழும்பும். லித்தியம் பற்றரியோடு பெரிய கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு அதைச் சமாளித்திருந்தார். நான் இரண்டு கிழமை மல்லுக்கட்டிய விசயம் அது.

அப்பாவிடம் பட்டன் போன், அதனால் எஸ்எம்எஸ். பாவிக்காமல் கிடந்த பழைய சிம்மை அந்தப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். வங்கியில் பதிந்த இலக்கம் அதுதான். ஓடிபியைத் தவறவிடக்கூடாதே என்று, அந்தச் சிம்முக்கு வருகிற எல்லா எஸ்எம்எஸ்ஸையும் டெலிகிராம் பொட் ஒன்று (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) தனக்கு அனுப்பும்படியும் எழுதிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். பிறகு நாலு பேருக்கு உதவட்டும் என்று நிரல் முழுவதையும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்டார்.

அந்தக் கோப்பின் முதல் பத்து வரிகளில் வைஃபை கடவுச்சொல், பொட்டை இயக்கும் சாவியான டோக்கன், பொட் செய்தி அனுப்பும் அவருடைய சட்டின் இலக்கமான சட் ஐடி மூன்றும் அப்படியே இருந்தன. வைஃபை கடவுச்சொல்தான் இணைய வங்கிக்கும். கிட்ஹப் பயனர்பெயரும் வங்கிப் பயனர்பெயரும் ஒன்றே. டோக்கனும் சட் ஐடியும் கையில் இருப்பவன், பொட் அனுப்பிய பழைய செய்திகளை 1, 2, 3 என்று இலக்கம் மாற்றிக் கேட்டு வேறொரு சட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஓடிபியும் அந்தச் செய்திகளில் ஒன்றுதானே.

"வரியை நேற்றே அழிச்சிட்டேன்" என்றார். அழித்தாலும் கிட்ஹப்பில் உள்ள பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது கிடக்கும். அங்கேயே இருந்து, டெலிகிராமில் பொட்டுகளை நிர்வகிக்கும் பொட்ஃபாதரில் டோக்கனை இரத்துச் செய்வித்தேன். வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, ஓடிபி இலக்கத்தை அவர் கையிலிருக்கும் போனுக்கே கொண்டுவந்தோம். காசு போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்குத்தான். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101.

பொழுதுபோக்குச் சாமானில் இவ்வளவு பயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து ஹக்கர்கள் திருடிய 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. அந்த வங்கியில் வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வோல் இருக்கவில்லை, கணினிகளை இணைக்க 10 டொலர் பழைய சுவிட்சுகள்தான் இருந்தன என்று விசாரித்த பொலிஸார் சொன்னார்கள். இலங்கைக்கு வந்த 2 கோடி டொலர், பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டிக்கொண்டது.

தம்பியின் பெட்டி இப்போது வேறு சிம்மில் ஓடுகிறது. அப்பாவின் இலக்கத்திலிருந்து வந்தால் மட்டும் படிக்கும், மற்றதை எங்கும் அனுப்பாது. டோக்கனும் கடவுச்சொல்லும் தனிக் கோப்பில், கிட்ஹப்புக்குப் போகாமல் இருக்கின்றன. அன்றிரவு வீட்டுக்கு வந்து என் பழைய நிரல்களையும் தேடினேன். கோழிக்கூட்டு வெப்பமானியில் எங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் இருந்தது, ஐந்து வருடமாகப் பொதுவில்.