இன்டர்பெல்லேஷன் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளையர் காலத்துச் சட்டசபை வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்த வார்த்தையில் வந்து முட்டிக்கொள்வது வழக்கம். இன்டர்பெல்லேஷன். அகராதியைப் புரட்டினால் 'இடைமறிப்பு', 'குறுக்குக் கேள்வி' என்றெல்லாம் கிடைக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சபையில் யாரோ எழுந்து கூச்சல் போட்டு அமைச்சரின் பேச்சைத் தடுத்தது போல ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. நடந்தது அதுவே இல்லை. சபை உறுப்பினர் நிர்வாகத்திடம் முறைப்படி கேள்வி கேட்டுப் பதில் கோருவதுதான் அது.

வேர்ச்சொல் லத்தீன். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் புகுந்து நிறுத்துவதுதான் அதன் முதல் பொருள், அகராதிக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அது வேறு பலம் பெற்றது. அமைச்சரை அழைத்து விளக்கம் கேட்பார்கள், விவாதம் நடக்கும், கடைசியில் வாக்கெடுப்பு வரும், அதில் ஆட்சியே கவிழலாம். இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. 1853 சட்டத்தின்படி கல்கத்தாவில் அமைந்த சட்டசபை, சட்டம் இயற்றுவதோடு நிற்காமல் நிர்வாகத்தையும் கேள்வி கேட்க ஆரம்பித்தது, மைசூர் அரச குடும்பத்துக்கு ஒதுக்கிய பணம் தொடர்பான கடிதங்களைக் கொண்டுவா என்றது. லண்டனுக்கு இது பிடிக்கவில்லை. 1861 சட்டம் வந்தது, சபையின் வேலை மசோதாவைப் பார்ப்பது மட்டும்தான் என்று சுருக்கிவிட்டார்கள். சென்னைச் சபைக்கும் அதே கதிதான்.

இதன் விளைவை முல்லைப் பெரியாறில் பார்க்கலாம். திருவிதாங்கூரோடு 1886-ல் போட்ட ஒப்பந்தம்: 8000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் குத்தகை. அடுத்த வருஷமே வேலை ஆரம்பம். மாகாணத்தின் பணம் போகிறது, இன்றுவரை நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, ஆனால் சென்னைச் சபையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக்கூட 'எவ்வளவு செலவு, ஏன் இந்த நிபந்தனை' என்று கேட்கச் சட்டப்படி இடமில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இப்படிக் கேட்க இடமில்லாததால்தான், அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய வருஷமே, 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ், வரவு செலவுத் திட்டத்தைச் சபைகளின் முன் வைக்க வேண்டும், நிர்வாகத்தின் எல்லாத் துறைகளைப் பற்றியும் உறுப்பினர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்துக் கேட்டது. கொண்டுவந்தவர் பம்பாயைச் சேர்ந்த தெலாங், வழிமொழிந்தவர் நம்மூர் மணி ஐயர், அதாவது எஸ். சுப்பிரமணிய ஐயர். தீர்மானத்தின் வாசகத்திலேயே இந்த இன்டர்பெல்லேஷன் வினைச்சொல்லாக வருகிறது.

1892-ல் உரிமை கிடைத்தது, அரைகுறையாக. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், தகவல் கேட்கலாமே தவிர வாதம் கூடாது, தலைவர் காரணம் சொல்லாமலே தள்ளிவிடலாம், வந்த பதிலைப் பற்றி விவாதிக்க முடியாது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது (1872-ல் ஆரம்பித்தது, வடிகட்டும் படுகையும் மூடிய கால்வாயும் வர 1914 ஆயிற்று). இதைச் சீர்செய்யும் வேலைக்கு மதிப்பீடு எவ்வளவு, அனுமதித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எப்போது முடியும் என்று நாலு வரி கேட்கலாம். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

1909-ல் துணை வினா, அதாவது வந்த பதிலின் மேல் கேட்கும் அடுத்த கேள்வி, வந்தது, முதலில் கேட்டவர் மட்டும் கேட்கலாம். 1919-க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மானியத்துக்கு, அதாவது துறைகளுக்கு ஒதுக்கும் பணத்துக்கு, வாக்கும் உண்டு. ஆனால் பாசனம் 'ஒதுக்கப்பட்ட துறை', சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடம் விடாமல் கவர்னர் தன் பக்கமே வைத்துக்கொண்டது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணையின் வேலை அந்த ஏற்பாட்டின் கீழ்தான் நடந்தது; சபை அத்தகைய துறையின் பணத்தைக் குறைத்தாலும், தன் பொறுப்புக்குத் தேவை என்று கவர்னர் சான்றளித்து அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

துணை வினா என்ற கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. 1935 முதல் டில்லி மத்தியச் சட்டசபையில் கேள்வி நேரத்தை அவர் கையாண்ட விதத்துக்காகவே பேர் வாங்கினார். அதே மனிதர்தான் 1939-ல் சென்னை மேயராகி, யுத்த காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி வேலையைத் தொடங்க வைத்தார். 1944-ல் அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை, முந்தைய வருஷமே காலமாகிவிட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வினா' போதும், அதுதான் சரியும்கூட. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. சட்டசபைக் கேள்வி வெளிப்பார்வைக்கு அறியா வினா, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. உள்ளுக்குள் பார்த்தால் பாதி அறிவினா, பாதி ஏவல் வினா. குழாய் வேலை எப்போது முடியும் என்று சபையில் எழுந்து கேட்கிறவருக்கு வேலை நடக்கவில்லை என்று நன்றாகவே தெரியும். சீக்கிரம் முடி என்று சொல்லத்தான் கேட்கிறார். பேச்சுவழக்கில் இதற்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறது: தட்டிக்கேட்பது.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். இந்தியச் சபைகளைப் பற்றி எழுதும்போது 'அவை வினா' என்று போடுங்கள், உரிமையைச் சொல்லும்போது 'வினா எழுப்பும் உரிமை'. வாக்கெடுப்பில் போய் முடிகிற பிரெஞ்சு வகைக்கு மட்டும் 'விளக்கம் கோரும் தீர்மானம்' என்று தனியாக வையுங்கள். 'இடைமறிப்பு' வேண்டாம், அது சபையில் குறுக்கே பேசுவதற்கு ஏற்கனவே புழங்குகிற சொல்.