1975-க்கும் 1976-க்கும் நடுவே ஒரு கோடு: கலிஃபோர்னியாவில் பழைய மசில் காருக்கான ஸ்மாக் செக் விலக்கு

கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் செக் எனும் புகைச் சோதனை கிடையாது. 1976 மாடலிலிருந்து உண்டு. காருக்கு ஐம்பது வயது ஆனாலும் உண்டு. பழைய மசில் கார் வாங்கிச் சீரமைக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். பழைய கார்தானே, எப்படியும் விலக்கு இருக்கும் என்று சிலர் நம்பி வாங்குகிறார்கள். விலக்கு இருந்தால் காரிலிருந்து எதை வேண்டுமானாலும் கழற்றிப் போடலாம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

மசில் கார் என்று பொதுவாகச் சொல்வது 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓவில் தொடங்கும் வரிசையை. நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல வி-8 இன்ஜினைப் பொருத்தினார்கள், விலையும் கட்டுப்படியானது. பின்னால் செவல் எஸ்எஸ், ரோடு ரன்னர், சார்ஜர் எல்லாம் வந்தன. மஸ்டாங், கமாரோ போன்ற சிறிய ரகங்களையும் இதிலேயே சேர்த்துப் பேசுவார்கள். 1970-இல் 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜின் போட்ட செவலுக்கு 450 குதிரைசக்தி. அதே ஆண்டில் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1975-இல் பெரும்பாலான புதுக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஏறியது. அதோடு முதல் சுற்று முடிந்தது.

சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1976 முதல் 1999 வரையிலான கார்களுக்கு, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி மாதிரியான இடங்களில், இன்ஜின் சுழற்றும் சக்கரங்களை (மசில் காரில் பின்சக்கரங்களை) உருளைகள் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சைலன்சர் குழாய்க்குள் ஒரு குச்சியைச் செருகி, மணிக்கு 15 மைல் வேகத்தில் ஒரு தடவை, 25 மைல் வேகத்தில் ஒரு தடவை ஓட்டி, ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றையும் அளப்பார்கள். கூடவே பானெட்டைத் திறந்து, கம்பெனி கொடுத்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பழைய கார்கள் பெரும்பாலும் தோற்பது இந்தப் பார்வையில்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கழற்றி எறிந்த ஒரு புகைக் கட்டுப்பாட்டுக் காற்றுப் பம்பை இன்று எங்கே போய்த் தேடுவது? பெரும்பாலான ஊர்களில் இந்தச் சோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஆள் குறைந்த சில பகுதிகளில் கார் கைமாறும்போது மட்டும்.

இப்போது அந்த ஆண்டு எண்ணுக்கு வருவோம். சட்டம் பார்ப்பது மாடல் ஆண்டை, கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த தேதியை அல்ல. அடுத்த ஆண்டு மாடலை முந்தைய ஆண்டின் கோடை முடியும்போதே கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நண்பருக்காகக் கமாரோ ஒன்று பார்க்கப் போனபோது இதை நேரில் பார்த்தேன். விற்பவர் 1975 என்றார், பொய் சொல்லவில்லை. மாநில வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி கொடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் அட்டையில் மாடல் ஆண்டு, முதலில் விற்ற ஆண்டு என்று இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலில் விற்ற ஆண்டு 1975. மாடல் ஆண்டுக் கட்டத்தில் 1976. அவர் இத்தனை வருடமும் தப்பான கட்டத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

அட்டை இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். டிரைவர் பக்கம் முன்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் டாஷ்போர்டு ஓரத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு தெரியும். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அதில் 13 எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆறாவது இடத்தில் இருப்பது மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். 5 என்றால் 1975, 6 என்றால் 1976. நாங்கள் பார்த்த கமாரோவில் ஆறாவது இடத்தில் 6, அதற்கு அடுத்து என், அதாவது ஓஹையோ மாநிலம் நார்வுட் தொழிற்சாலை. கிரைஸ்லர் கார்களிலும் ஆண்டு ஆறாவது இடத்தில்தான். ஃபோர்டில் முதல் எண்ணே ஆண்டு. அரை நிமிட வேலை. பேரம் பேசுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

ஏன் 1975? அந்த ஆண்டோடு கார் புகை திடீரென்று மாறிவிட்டது என்பதெல்லாம் இல்லை. 1997-இல் போட்ட சட்டம் ஒன்று முதலில் 1973 மாடல் வரைக்கும் விலக்கு கொடுத்தது. 2003 முதல் முப்பது வயது ஆன ஒவ்வொரு காருக்கும் தானாக விலக்கு கிடைக்கும் என்றது. வருடத்துக்கு ஒரு மாடல் என்று கோடு நகர்ந்துகொண்டே வந்தது. 2004-இல் ஏபி 2683 என்ற மசோதாவில் அப்போதைய ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்துப் போட்டார். 2005 ஏப்ரல் முதல் கோடு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த வருடம் அது 1975-ஐத் தொட்டிருந்தது, அவ்வளவுதான்.

1976 மாடல் வைத்திருப்பவருக்கு இது அநியாயமாகப் படும், எனக்கும் கொஞ்சம் படுகிறது. ஆனால் கோடு நகர்ந்துகொண்டே இருந்திருந்தால் இன்று 1990-களில் வந்த சாதாரண ஓட்டக் கார்கள்கூடச் சோதனையிலிருந்து தப்பியிருக்கும். சூரிய வெளிச்சத்தில் கார் புகை ஓசோனாக மாறுகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950-களில் நிரூபித்தது லாஸ் ஏஞ்சலஸ் காற்றை வைத்துத்தான். அந்த ஊர் மூச்சுவிடப் பட்ட பாட்டை நினைத்தால், நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது.

2025-இல் இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. செனட்டர் ஷானன் குரோவ் எஸ்பி 712 மசோதாவைக் கொண்டுவந்தார். 35 வயது ஆன, சேகரிப்பாளர் காப்பீடும் வரலாற்று வாகனத் தகடும் உள்ள கார்களுக்கு விலக்கு என்பதே அதன் சாரம். தொலைக்காட்சி நட்சத்திரம் ஜே லெனோ முன்னின்று ஆதரித்ததால் 'லெனோ சட்டம்' என்றே பெயர் ஆகிவிட்டது. அந்த ஆகஸ்டில் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவிலேயே அது நின்றுபோனது. "லெனோ சட்டம் வந்துவிட்டது, இனி ஸ்மாக் இல்லை" என்று சொல்லி 1979 போன்டியாக் டிரான்ஸ் ஆம் கார் விற்க வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, 1976 அல்லது அதற்குப் பிந்தைய கார் மேல் மனசு போய்விட்டது, என்ன செய்வது? வழி இருக்கிறது. கோட்டை நிறுத்திய அதே ஏபி 2683 இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. கார் குறைந்தது 35 மாடல் ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். சேகரிப்பாளர் வாகனம் என்று காப்பீடு எடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். அந்தக் கார் அன்றாடப் போக்குவரத்துக்கு இல்லாமல் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு மாதிரி வேலைகளுக்கே முக்கியமாகப் பயன்பட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால், பானெட்டுக்குக் கீழே ஒவ்வொரு சாமானாகத் தேடும் சோதனையிலிருந்து விலக்கு. புகை அளவு மட்டும் அந்தக் காரின் ஆண்டுக்குரிய வரம்புக்குள் வர வேண்டும், பெட்ரோல் டேங்க் மூடி சரியாக அடைக்க வேண்டும், எங்கும் பெட்ரோல் ஒழுகக் கூடாது. 1977 காரை 1977-இன் அளவுகோலால்தான் அளப்பார்கள்.

இதைச் சாதாரண ஸ்மாக் கடையில் செய்ய முடியாது. ஸ்மாக் ரெஃபரி என்று மாநிலம் வைத்திருக்கும் நடுவரிடம் முன்பதிவு செய்து போக வேண்டும். இந்த மையங்கள் பல சமுதாயக் கல்லூரிகளில் இருக்கின்றன. காப்பீட்டுக் காகிதத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். போகும்முன் இக்னிஷன் டைமிங்கும் கார்புரேட்டரும் சரிபார்த்து, எண்ணெய் மாற்றி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டுப் போனால் பாதிக் கவலை தீரும். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நிற்கும்போது கடகடவென்று குலுங்குகிற அந்தச் சத்தத்துக்காகப் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டைப் பெரிதாகப் போடுவார்கள். அந்தக் கேமில் உள்ளே வரும் வால்வும் வெளியே போகும் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கும், எரியாத பெட்ரோல் நேரே குழாய்க்குப் போய்விடும். ஹைட்ரோகார்பன் எண் எகிறும். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1976 அல்லது அதற்குப் பிந்தைய காரில் அது வேண்டாம் என்பேன்.

வரலாற்று வாகனத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 25 வயது ஆன, வரலாற்று மதிப்புள்ள காருக்கு அதை வாங்கலாம், ஆண்டுக் கட்டணமும் குறையும். ஆனால் அந்தத் தகடு மட்டும் இருந்தால் ஸ்மாக் விலக்கு கிடைக்காது. இரண்டும் வேறு வேறு.

1975 வரையிலான கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்குப் போக வேண்டாம் என்பதுதான் விலக்கு. கம்பெனி பொருத்திய புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் விற்ற கார்களுக்கு 1966 மாடலிலிருந்தே சைலன்சர் புகைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே 1965 மஸ்டாங்குக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, 1974 கமாரோவுக்கு நிறைய இருக்கிறது. கண்ணுக்குத் தெரியக் கரும்புகை விட்டால் சாலையில் போலீஸ் நிறுத்தி டிக்கெட் எழுதலாம், மாடல் ஆண்டு எதுவானாலும்.

இன்ஜின் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 1976 அல்லது அதற்குப் பிந்தைய காரில் வேறு இன்ஜின் ஏற்றினால் ரெஃபரியிடம் காட்டியே ஆக வேண்டும். புது இன்ஜின் காரின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அந்த இன்ஜினோடு வந்த கன்வர்ட்டர், சென்சார், பெட்ரோல் ஆவி தடுப்புக் குழாய்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். உடைத்து விற்கிற கடையில் எல்எஸ் எனும் பிற்கால ஜெனரல் மோட்டார்ஸ் வி-8 இன்ஜின் வாங்கும்போது இன்ஜினை மட்டும் தூக்கி வந்துவிட்டு, பிறகு மீதிச் சாமானுக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முழு செட்டாகவே கேளுங்கள்.

வெளிமாநிலத்தில் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மிச்சிகனில் புகைச் சோதனையே கிடையாது. அங்கே சட்டப்படி ஓடிக்கொண்டிருந்த 1978 கார் இங்கே ரெஜிஸ்டர் ஆக வேண்டுமென்றால் இங்குள்ள சோதனையில் தேற வேண்டும். போதாததற்கு அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கும். கலிஃபோர்னியாவிலேயே கார் வாங்கினால், சோதனைக்கு உட்பட்ட காருக்கு 90 நாளுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைக் கொடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விலையைக் குறைக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, சீரமைப்பு வருடக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தால் காரை ஓடாத வாகனமாக டிஎம்வியில் பதிந்துவிடுங்கள். பிஎன்ஓ என்பார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே பதியலாம். சிறு கட்டணம்தான், முழு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பதிந்த பிறகு பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, வீட்டு வாசல் தெருவில் நிறுத்தவும் கூடாது. வேலை முடிந்து முதல் தடவையாக ஸ்மாக் மையத்துக்கு எடுத்துப் போக டிஎம்வியிடம் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டில் எழுதிய தேதியில் மட்டும் வண்டியை வெளியே எடுங்கள்.