‘ஸ்டூடன்ட்-அத்லெட்’: சொல்லும் அது வந்த வழியும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கர்களின் தனி ஆட்டம்) பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’ என்ற சொல் வந்து நிற்கும். ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்று இரண்டையும் ஒட்டி எழுதிவிட்டுப் போவது சுலபம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் அந்தச் சொல்லின் வரலாற்றில் இருக்கிறது.

பொருள் எளிதுதான். கல்லூரியில் படித்துக்கொண்டே அந்தக் கல்லூரியின் அணிக்காக விளையாடுபவர். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தன் விதிகள் முழுக்க இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறது.

வேர்களைப் பார்த்தால், ‘ஸ்டூடன்ட்’ என்பதற்குப் பின்னால் ஆர்வம், ஈடுபாடு என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. ‘அத்லெட்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே ‘அத்லான்’ என்றால் போட்டியில் கிடைக்கும் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுபவர் அத்லெட். பணம் வாங்கக் கூடாது என்று பல பத்தாண்டுகள் கட்டிப்போடப்பட்டவர்களுக்கு அமைந்த பெயரின் வேரிலேயே பரிசு இருக்கிறது.

இரண்டையும் கோடு போட்டு இணைத்த சொல் நிலைபெற்றது 1950களில். அதற்கு முன்பும் அங்கங்கே புழங்கியதுண்டு. ஆனால் அதை விதிமுறைச் சொல்லாக்கியவர் 1951 முதல் 1987 வரை என்சிஏஏவின் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸ். அவருக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொலராடோ மாநிலத்து வழக்குகளைப் பார்க்க வேண்டும்.

டென்வர் பல்கலைக்கழக வீரர் ஒருவர் ஃபுட்பால் பயிற்சியில் அடிபட்டார். பல்கலைக்கழக டென்னிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் வேலையும் அவருக்குத் தரப்பட்டிருந்தது. அணியில் ஆடினால்தான் அந்த வேலை என்பது தெளிவாக இருந்ததால், தொழிலாளர் இழப்பீடு அவருக்கு உண்டு என்று 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது. 1955இல் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி இழப்பீடு கேட்டார். கீழே அவருக்குச் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பை 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆகவே டென்னிசன் அதன் ஊழியர் இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இடையில் 1956இல், பணத் தேவையையோ மதிப்பெண்ணையோ பார்க்காமல் விளையாட்டுத் திறனுக்கே உதவித்தொகை தரலாம் என்று என்சிஏஏ அனுமதித்துவிட்டது. ஆடுவதற்காகத் தரும் தொகையைச் சம்பளம் என்று எந்த நீதிமன்றமாவது சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’ என்ற சொல்லை உருவாக்கி, ஆட்டக்காரர், வீரர் என்ற சொற்களுக்குப் பதிலாக எல்லா விதிகளிலும் கட்டாயமாக்கினோம் என்று பையர்ஸே 1995இல் எழுதினார். ‘கிளப்’ என்று சொல்லாதீர்கள், அது தொழில்முறை ஆட்டத்தின் சொல், ‘கல்லூரி அணி’ என்றே சொல்லுங்கள் என்று கல்லூரிகளின் விளம்பரப் பிரிவினரிடம் சொன்னதையும் அவர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகாவது ஒளிக்காமல் எழுதினாரே என்பதற்காக அவரை மதிக்கிறேன்.

சொல் தன் வேலையைச் செய்தது. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப் 1974இல் ஓர் ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். அவர் ஊழியர் இல்லை என்று 2000இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 1973இலிருந்து உதவித்தொகையும் ஓராண்டுக்கு மட்டும், பிறகு புதுப்பிக்க வேண்டியதாக மாறியிருந்தது. படிப்புக்கான உதவி என்றால் பயிற்சியாளர் விருப்பப்படி நிற்கலாமா?

பண விஷயத்தில் அணை உடைந்தது 2021இல்தான். ஜூனில், என்சிஏஏவின் கட்டுப்பாடுகளை எதிர்த்து வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் (ஆங்கிலச் சுருக்கம் என்ஐஎல்) என்றானது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட, வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரிலான வழக்கின் சமரசம், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டது. முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இவ்வளவுக்குப் பிறகும் விதிப்புத்தகத்தில் அவர்கள் ‘ஸ்டூடன்ட்-அத்லெட்’தான். 2021இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வழக்கறிஞர் ஜெனிஃபர் அப்ரூசோ தன் அலுவல் குறிப்பு ஒன்றில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘கல்வி நிறுவனங்களில் ஆடும் ஆட்டக்காரர்கள்’ என்று பொருள்படும் தொடரை எடுத்துக்கொண்டார். அவருடைய அந்தக் குறிப்பு 2025 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்று எழுதினால் வழக்கில் ஒரு தரப்பு தனக்காக முன்வைத்த சொல்லை நாமும் அப்படியே ஏற்றுக்கொண்டதாகிவிடும். நம் பக்கம் ‘மாணவர்’ என்ற சொல்லுக்கு இளையவர், கற்றுக்கொள்பவர் என்ற சாயல் வேறு உண்டு; கூலி, இழப்பீடு என்ற பேச்சே அதன் பக்கத்தில் ஒட்டாது. என் பரிந்துரை ‘கல்லூரி வீரர்’. எங்கே ஆடுகிறார் என்பதை மட்டும் அது சொல்கிறது. அவர் ஊழியரா இல்லையா என்பதில் தலையிடுவதில்லை. என்சிஏஏ விதியையோ தீர்ப்பையோ மேற்கோள் காட்டும்போது மட்டும் ‘மாணவ வீரர்’ என்று மேற்கோள் குறிக்குள் போடலாம்.

கூடவே வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். பள்ளியில் நன்றாக ஆடும் பையனைத் தேடிப் பிடித்து அணிக்கு இழுப்பதை ‘ஆள்சேர்ப்பு’ என்றே சொல்லலாம். ‘மாணவர் சேர்க்கை’ என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். ‘ஸ்காலர்ஷிப்’பை வெறும் ‘கல்வி உதவித்தொகை’ என்று எழுதாமல் ‘விளையாட்டு உதவித்தொகை’ என்று எழுதுங்கள். நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவோடு அதைக் குழப்பக் கூடாது. கோட்டா இடம் வாங்கித் தரும், இது கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு வரை கட்டும். என்ஐஎல் என்ற சுருக்கத்துக்கு ‘பெயர்-உருவ உரிமை’, அதில் வரும் பணத்துக்கு ‘விளம்பர வருமானம்’. கல்லூரியே தருவதை ‘வருவாய்ப் பங்கு’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

‘ஆட்டக்காரர்’ என்ற சொல் ஃபுட்பால், கூடைப்பந்துக்குப் பொருந்தும். நீச்சல், ஓட்டத்துக்குப் பொருந்தாது. அங்கேயும் ‘கல்லூரி வீரர்’, பெண் என்றால் ‘கல்லூரி வீராங்கனை’.