ஃபிட்டர்: அரமா, ஸ்பேனரா?

"பேட்டை ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கான்" என்றால் திருநெல்வேலிப் பக்கம் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் குழாய் போடுகிறவர், மோட்டாரைக் கழட்டிப் பூட்டுகிறவர், பட்டறையில் அராவுகிறவர் மூவருமே இங்கே ஃபிட்டர்தான். சொல்லுக்கு உரியவர் மூன்றாமவர்.

ஃபிட் என்ற ஆங்கில வினைக்கு அளவாகப் பொருந்துதல் என்று பொருள். உதிரிகள் ஒரே அளவில் வராத காலத்தில், ஒவ்வொன்றையும் அராவி அதன் ஜோடிக்கு இசைய வைத்தவரே ஃபிட்டர். ஜோடியின் பரப்பில் புருஷியன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி, உதிரியை அதன்மேல் தேய்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அங்கே மட்டும் நைஸ் அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு. துடைத்துவிட்டு மறுபடி நீலம். திட்டாகப் பூசினால் பள்ளத்திலும் ஒட்டி ஏமாற்றும். அராவிய இரும்பு திரும்ப வராது.

துப்பாக்கித் தொழில் வெகுகாலம் இந்தக் கைவேலையை நம்பியே நடந்தது. 1785இல் பிரான்சில் ஒனோரே பிளாங் என்ற துப்பாக்கித் தொழிலாளர் செய்த சுடுபொறி உறுப்புகளில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் தாமே பூட்டிப் பார்த்தார். அராவாமல் சேர்ந்ததே அன்றைக்கு அதிசயம்.

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட் 1955இல் கொண்டுவந்த பைத்தான் ரிவால்வரிலும் அரத்துக்கு வேலை இருந்தது. விசையை இழுத்ததும் 'கை' எனப்படும் சிறு நெம்பு, குண்டு அறைகள் உள்ள உருளையின் பல்லைத் தள்ளிச் சுழற்றும். அந்தக் 'கை'யின் இரண்டாம் நுனி உருளையை ஆடாமல் இறுக்கும். அந்த நுனி கொஞ்சம் தேய்ந்தாலே சுத்தி முழுக்கப் பின்வந்த பிறகும் உருளை தடையில் விழாது. அறையும் குழலும் நேர்ப்படாமல் குண்டின் ஈயம் சீவிக்கொண்டு போகும். புதுக் 'கை' வாங்கினாலும் அந்தத் துப்பாக்கிக்கென்றே அராவ வேண்டும். தயாரிக்கும்போதும் இதே பாடு, இதே கூலி. கோல்ட் 1992இல் திவாலானதற்கு இது மட்டுமே காரணமல்ல. 1986இல் தொடங்கிய வேலைநிறுத்தமும் 1988இல் கைவிட்டுப்போன எம்-16 ராணுவத் துப்பாக்கி ஒப்பந்தமும் உண்டு. 2020இல் பைத்தான் திரும்பியபோது கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் கடைந்த, எண்ணிக்கை குறைந்த உதிரிகளோடு வந்தது.

அரத்தை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் இல்லை. வின்செஸ்டர் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் 1964இல் மாடல் 70 ரைஃபிளின் செலவைக் குறைக்க, கட்டையில் செதுக்கிய பிடிக்கோடுகளை அச்சால் அழுத்தியது. வாங்குகிறவர்கள் 64க்கு முந்தியதையே தேடிப் போனார்கள்.

ஃபிட்டருக்குப் 'பொருத்துநர்' சரியான சொல்: பொருந்து தன்வினை, பொருத்து பிறவினை. தயாரான உதிரிகளைச் சேர்த்துப் பூட்டும் அசெம்ப்ளரையும் அதே பெயரால் அழைப்பதுதான் குழப்பம். பட்டறையில் 'கழட்டிப் பூட்டு' என்ற வழக்கு இருக்கும்போது அவரைப் 'பூட்டுநர்' எனலாம். 'ஃபிட்டர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர், அரமா ஸ்பேனரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.