வகுப்பை விட்டு வெளியே அனுப்பினால் யாருக்கு நிம்மதி?

கணக்குப் பாடம் தொடங்கியதும் ஒரு பையன் நோட்டைத் தூக்கி எறிகிறான். ஆசிரியர் அதட்டுகிறார். அவன் மேசையைத் தள்ளிவிடுகிறான். "வெளியே போய் நில்" என்கிறார். வெளியே போனதும் அமைதியாகிவிடுகிறான். மறுநாளும் இதே கதை. வளர்ச்சிக் குறைபாடுள்ள மாணவர்களோடு நடத்தைப் பகுப்பாய்வாளராக வேலை செய்யும் எனக்குப் பள்ளிகளிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவத்தில் இதுதான். "எத்தனை தடவை தண்டித்தாலும் திருந்த மாட்டேன் என்கிறான்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, அவன் வெளியே போன பிறகு அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்றுதான்.

கணக்கு அப்படியே நின்றுபோயிருக்கும். அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. ஆசிரியருக்கும் வகுப்பு அமைதியாகக் கிடைத்தது. இரண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைத்ததால், இரண்டு பேருமே நாளைக்கும் அதையே செய்வார்கள். தண்டனை என்று நாம் நினைத்துக் கொடுப்பது குழந்தைக்குப் பல நேரம் பரிசாகப் போய்ச் சேர்கிறது.

ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அது திரும்ப வரும். எங்கள் துறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட, வளர்ச்சிக் குறைபாடுள்ள 9 பேரை ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு சூழலில் வேலை கொடுத்தார்கள், இன்னொன்றில், காயப்படுத்திக்கொண்டால் பக்கத்தில் வந்து பேசினார்கள், மற்றொன்றில் தனியாக விட்டார்கள், வேறொன்றில் விளையாட விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித் தெரிந்த செயல், ஆளுக்கு ஆள் வேறு சூழலில் கூடியது. தலையை முட்டிக்கொள்கிற இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வேலையிலிருந்து தப்ப வேண்டும், இன்னொருவருக்கு யாராவது பக்கத்தில் வர வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஒருவருக்கு அந்தச் செயல் கூடிவிடலாம்.

அதனால் நான் ஆசிரியர்களிடம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுப்பேன்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. "காலையிலிருந்தே மூடு சரியில்லை, வேண்டுமென்றே செய்தான்" என்று எழுதி வந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "10.20: கூட்டல் தாள் கொடுத்தேன். தள்ளினான். 'எழுது' என்றேன். நோட்டை எறிந்தான். தாளை எடுத்துவிட்டேன்" என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வாரம் இப்படி எழுதினாலே, எந்தப் பாடத்தில் வருகிறது, யார் இருக்கும்போது வருவதில்லை என்பது பல நேரம் தானாகவே தெரிய ஆரம்பித்துவிடும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது உடம்பு. பேச்சு வராத ஒரு சிறுமி திடீரென்று தாடையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள் என்றால் நான் திட்டம் எழுத மாட்டேன். பல் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். காது வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, மாற்றிய மாத்திரை, மாதவிடாய் வலி எல்லாமே "பிடிவாதம்" என்ற பெயரில் என்னிடம் வந்திருக்கின்றன. வலியில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்டிக்கர் கொடுத்து அடக்கப் பார்ப்பது கொடுமை.

சரி, உடம்பில் ஒன்றுமில்லை, தப்பிக்கத்தான் எறிகிறான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம்? அதே நிம்மதியை வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியைத் திறந்துவிட்டது. கடினமான வேலை வரும்போது உதவி கேட்கவும், கவனம் வேண்டும்போது அதைக் கேட்டு வாங்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தொந்தரவான நடத்தை குறைந்தது. பேச்சு வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. படம் போட்ட அட்டை, கைச்சைகை, அழுத்தினால் குரல் வரும் பொத்தான், எது அந்தப் பிள்ளைக்கு எளிதோ அது.

நோட்டை எறிகிற பையனுக்கு "இடைவேளை" என்று ஓர் அட்டை. அது மேசையிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் அவன் நோட்டில் கை வைப்பதற்கு முன்பே, அவன் கையைப் பிடித்து இழுக்காமல், அட்டையை எடுக்க மெதுவாக வழிகாட்டுவோம். அட்டை வந்த அந்த நொடியே தாளை எடுத்துவிட வேண்டும். இங்கேதான் ஆசிரியர்கள் தயங்குவார்கள்: "நாள் முழுக்க அட்டையைக் காட்டிக்கொண்டே இருப்பானே?" ஆமாம், முதலில் காட்டுவான். காட்டட்டும். எறிவதைவிட அட்டை வேகமாகவும் உறுதியாகவும் வேலை செய்கிறது என்று அவன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகு, "ஒரு கணக்கு, அப்புறம் இடைவேளை" என்போம். பிறகு இரண்டு. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தத் தாளே அவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்ததா? இருந்தால் மாற வேண்டியது தாள்.

கவனத்துக்காகக் கத்துகிற பிள்ளையிடம் கதை வேறு. கத்தலுக்குத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினால் அது முதலில் குறையாமல் ஏறவும் செய்யலாம். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் ஓடிப்போய்ச் சமாதானப்படுத்தினால், இந்த அளவு கத்தினால்தான் வருவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் கத்தாத நேரத்தில் தாராளமாகக் கவனம் கொடுத்து, கூப்பிடவும் கற்றுக்கொடுத்த பிறகே இதில் இறங்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நடத்தை என்றால் இதை வீட்டில் தனியாக முயற்சி செய்யவே கூடாது.

எங்கள் துறையின் பழைய பக்கங்கள் சுத்தமானவை இல்லை. 1960-களில் இவார் லோவாஸ் தம் ஆய்வுகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மின்னதிர்ச்சி வரை கொடுத்திருக்கிறார். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும், கையை ஆட்டக் கூடாது என்று மணிக்கணக்கில் பயிற்றப்பட்டவர்களில் பலர் இன்று பெரியவர்களாகி, அது தங்களுக்குள் விட்டுப்போன காயத்தைப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சந்தோஷத்தில் கைகளை உதறுகிற பிள்ளையால் யாருக்கும் கேடில்லை. அதை நிறுத்தித் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்டால், மறுத்துவிட்டுக் காரணத்தை உட்கார்ந்து பேசுவேன். பிள்ளை விலகிப் போனால், முகத்தைத் திருப்பினால், அதுவும் ஒரு பதில்தான்; அன்றைய பயிற்சியை அங்கே நிறுத்த வேண்டும்.

பிள்ளைக்காக ஒரு பகுப்பாய்வாளரைத் தேடுகிற பெற்றோர் முதல் சந்திப்பிலேயே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். இந்த நடத்தை எதற்காக வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதற்குப் பதிலாக என்ன கற்றுத்தருவீர்கள்? என் பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்? பதிவுகளை எங்களிடம் காட்டுவீர்களா? பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இத்தனை மாதத்தில் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். பயிற்சி நடக்கும்போது நீங்கள் உள்ளே வந்து உட்காரக் கூடாது என்றால், அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.