அறுவைக்குப் பின் யாருக்கு மருந்து? ரத்தம் தரும் தடயம்

சிறுநீர்ப்பைப் புற்று தசைச் சுவருக்குள் ஊடுருவிவிட்டால், பெரும்பாலும் பையையே அகற்றிவிடுகிறார்கள். அதன்பின் ஸ்கேன் சுத்தமாக இருக்கும். ஆனாலும் பலருக்கு நோய் திரும்புகிறது. யாருக்குத் திரும்பும் என்பதைக் கட்டியின் ஆழத்தையும் நிணநீர்க் கணுக்களையும் வைத்துத்தான் மருத்துவர்கள் கணித்து வந்தார்கள். கீமோதெரபி முடிவும் அந்தக் கணிப்பில்தான் தொங்கியது. கீமோதெரபியில் முக்கியமாகத் தரப்படும் சிஸ்பிளாட்டினோ சிறுநீரகம், செவி, நரம்பு எல்லாவற்றையும் பதம் பார்க்கும் மருந்து. நோயே மிச்சமில்லாத உடலில் அதை ஏற்றுவது பெருந்துயரம்.

இங்கேதான் ரத்தப் பரிசோதனை வருகிறது. செல்கள் மடியும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகளாக ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கு நலமான செல்களுடையது. புற்றுநோய்த் துணுக்கு இருந்தாலும் மிகச் சொற்பம். எனவே முதலில், வெட்டியெடுத்த கட்டியின் மரபணுக்களைப் படிக்கிறார்கள். அதே நோயாளியின் நலமான செல்களோடு ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் உள்ள மாற்றங்களைப் பிரிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு சோதனை, அவற்றில் 16 மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து ரத்தத்தில் தேடுகிறது. ஒருவருக்காக உருவாக்கிய சோதனை இன்னொருவருக்கு உதவாது. இத்துணுக்குகள் ரத்தத்தில் நெடுநேரம் நிலைப்பதில்லை; சில மணி நேரத்திலேயே பெருமளவு மறைந்துவிடும். ஆகவே அறுவை முடிந்து வாரங்கள் கழித்தும் அவை தென்பட்டால், உடலில் எங்கோ புற்றுசெல்கள் உயிரோடு இருக்கின்றன என்றே பொருள்.

டென்மார்க்கில் 68 நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நோய் திரும்புவதை ஸ்கேனைவிட இடைநிலை அளவாக (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 96 நாள் முன்பே ரத்தம் காட்டியது. அந்த நாட்கள் விலைமதிப்பற்றவை.

சிகிச்சையை இதை வைத்தே தீர்மானிக்கலாமா என்பதற்கு 2025-இல் ஐஎம்விகோர்011 ஆய்வு வலுவான விடை தந்தது. ரத்தத்தில் துணுக்கு தென்பட்ட 250 பேரில் ஒரு பகுதியினர் அட்டெசோலிசுமாப் என்ற மருந்தைப் பெற்றார்கள். மற்றவர்களுக்கு மருந்தற்ற ஊசி. இடைநிலை ஆயுட்காலம் மருந்து பெற்றவர்களுக்கு 32.8 மாதம், மற்றவர்களுக்கு 21.1 மாதம் எனப் பிரிந்தது. அட்டெசோலிசுமாப் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்து, கீமோதெரபி அல்ல; சிஸ்பிளாட்டினுக்கும் இதே பலன் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

என்னை அதிகம் நெகிழவைப்பது மறுபக்கம். தொடர்ந்து துணுக்கே தென்படாத 357 பேருக்கு அந்த மருந்து தரப்படவில்லை. இரண்டு ஆண்டு கடந்தும் ஏறத்தாழ 88 சதவீதத்தினர் நோயின்றி இருந்தார்கள். எஞ்சியவர்களை மறந்துவிடக் கூடாது: ஒருமுறை ‘இல்லை’ என்று வந்த முடிவு போதாது. அந்த ஆய்விலேயே முதல் ஓராண்டு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனையும் நிறுத்தவில்லை.