ரயில் பெட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று பெயின்ட் அடிப்பவர்களுக்கு

போன சித்திரையில் ஒருவர் போன் செய்தார். நெடுஞ்சாலை ஓரமாக ஓட்டல் வைத்திருக்கிறாராம், ஏலத்தில் பழைய மூன்றடுக்கு ஸ்லீப்பர் பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறதாம். "எத்தன கோட் அடிச்சாலும் பெயின்ட் நிக்க மாட்டேங்குது சார், ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். நான் ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபர்னிஷிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெர்த், பலகை, ரெக்சின், ஜன்னல் ஷட்டர், கொக்கி, சங்கிலி, இதெல்லாம்தான் என் பிழைப்பு. பெயின்ட் என் வேலை இல்லை. ஆனால் பெயின்ட் நிற்கவில்லை என்றால் கோளாறு பெயின்டில் இருக்காது என்பது பட்டறையில் டீ வாங்கி வருகிற பையனுக்குக்கூடத் தெரியும் என்பதால் போனேன்.

வெளியே பார்த்தால் நல்ல நீலம், பளபளவென்று. டாய்லெட் பக்கத்துக் கதவுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல தகடு என்றால் 'டங்' என்று கேட்கும், இது 'பொத்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், பிஸ்கெட் மாதிரி உள்ளே போய்விட்டது. பெட்டியின் அடிப்பக்கத்தில், இரண்டு ஓரமும் நீளமாக ஓடும் சோல்பாரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். எலி வருகிறது என்று அதை எல்லாம் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே தரைக்கு மேல் சிமென்ட் போட்டு டைல்ஸ். தினமும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் இறங்கி, வெளியேற வழி இல்லாமல், அடியில் இருக்கும் நெளித்தகட்டிலேயே குளம் கட்டி நிற்கிறது.

நம்ம ஐ.சி.எஃப்., அதாவது பெரம்பூர் இன்டக்ரல் கோச் ஃபேக்டரி கட்டின பெட்டிக்கு இது பரம்பரை நோய். 1955இல் தொடங்கிய தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி கொடுத்த வடிவம், முழுக்க எஃகு உடம்பு. மர உடம்போடு ஒப்பிட்டால் விபத்தில் அவ்வளவாக நசுங்காது, தீயும் சுலபத்தில் பிடிக்காது. ஆனால் டாய்லெட்டுக்கு அடியிலும், கூரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், ஜன்னல் சட்டத்துக்குக் கீழேயும் துரு பிடிக்கும். பட்டறைக்குப் பெட்டி வரும்போதெல்லாம் அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வோம். ஓடுகிற பெட்டிக்கு இந்த வைத்தியம் முறையாகக் கிடைத்துவிடும். கண்காட்சிக்கு நிறுத்தின பெட்டிக்கு அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அதுவும் கடலோரம் என்றால் கேட்கவே வேண்டாம், காசிமேட்டு உப்புக் காற்றில் சைக்கிள் செயினே எத்தனை நாள் தாங்கும் என்று ராயபுரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, இது துருக் கதை. என்னை அதைவிட உறுத்தியது உள்ளே. 72 பெர்த்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பெயர்த்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, சோபா, கண்ணாடி மேஜை, சீரியல் லைட். "வெளிய அப்பிடியே வெச்சிருக்கோம் சார்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

நீராவி எஞ்சினை வெளியே நின்று பார்த்தால் போதும், அதன் அழகெல்லாம் வெளியேதான். படுக்கைப் பெட்டி அப்படி இல்லை. வெளியே அது மற்ற பெட்டிகளைப் போல ஒரு தகர டப்பா. அது படுக்கைப் பெட்டி ஆவதே உள்ளே இருக்கிற பலகையால், கொக்கியால், தலைமாட்டு வலையால், இரவு நேரத்து நீல விளக்கால். அதைக் கழற்றிவிட்டுக் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு 'பாதுகாத்தோம்' என்று போர்டு மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால் கொஞ்சம் தயக்கம்தான். கண்டம் ஆன, அதாவது இனி ஓடாது என்று ஒதுக்கின பெட்டிகளில் இருந்து நானே எத்தனையோ தேக்குப் பலகைகளைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து எறிந்திருக்கிறேன். அப்போது அது வெறும் வேலை.

அந்தப் பலகைகளில் ஒரு சரித்திரம் இருந்தது. அமெரிக்காவில் புல்மன் கம்பெனியின் படுக்கைப் பெட்டி என்றால் மெத்தை, போர்வை, விரித்துக் கொடுக்க ஆள், எல்லாம் கம்பெனியே தந்தது. நம் ஊரில் முதல் வகுப்பில் போகிறவரே படுக்கை வைக்கும் ஹோல்டால் பையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கையில் கூஜாவோடு வருவார். ஏழைகளுக்கு வெறும் மரப்பலகைதான். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் போனது, பலகை போகவில்லை. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பர் பலகைக்கு 2 அங்குல நுரை மெத்தை வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவர் ஒருவர் பழைய பெர்த் ஒன்றின் ரெக்சினைப் பிளேடால் கிழித்துக் காட்டினார். மேலே ரெக்சின், அடியில் மஞ்சளாகிப் பொடிந்த நுரை, அதற்கும் அடியில் பழைய பலகை, ஓரமெல்லாம் ஆள் ஏறி இறங்கி வழவழப்பாகித் தேய்ந்த பலகை. "இதாண்டா முந்தி மெத்தை" என்றார். ஒரே பெர்த்தில் இரண்டு காலம். இப்படி ஒன்றை முழுசாக வெட்டி எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தாலே போதும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

வயதான பெட்டிகள் எங்கே போகின்றன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐ.சி.எஃப். பெட்டிக்கு விதித்த ஆயுள் 25 வருஷம். அதை நெருங்கும்போது சிலவற்றைக் கார் ஏற்றும் என்.எம்.ஜி. வேகன்களாக மாற்றிவிடுவார்கள். பெர்த், டாய்லெட் எல்லாம் எடுத்து, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கார் உள்ளே ஏற இரண்டு முனையிலும் பெரிய கதவு. அடைத்த ஜன்னலின் தழும்பு மட்டும் வெளியே வரிசையாகத் தெரியும், அடுத்த முறை வியாசர்பாடி ஜீவா பக்கம் சரக்கு ரயில் போனால் உற்றுப் பாருங்கள். மீதி இ-ஏலத்தில் இரும்பு விலைக்குப் போகும். மீட்டர் கேஜ் பெட்டிகள் கதை இன்னும் மோசம். எழும்பூரில் இருந்து தெற்கே போன அத்தனை ராத்திரி வண்டிகளும் அதில்தான் ஓடின, தண்டவாளம் அகலமானதும் அவை ஓட இடமே இல்லாமல் போனது. 2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப்.பில் பழைய வடிவப் பெட்டி கட்டுவதும் நின்றது. இப்போது வருவது ஜெர்மன் வடிவ எல்.எச்.பி., அதைவிட நீளம், ஸ்லீப்பரில் 80 பெர்த். நல்ல பெட்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சின்ன வயதில் ஏறின ஸ்லீப்பர் இன்னும் சில வருஷங்களில் கண்ணிலேயே படாது.

ஓடவிட்டுக் காப்பாற்றலாமே என்பார்கள். ஒருவகையில் உண்மை. கனடாவில் 1955இல் ஓடத் தொடங்கிய 'கனேடியன்' ரயிலின் படுக்கைப் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன, காரணம் அவற்றை பட் (Budd) என்ற அமெரிக்கக் கம்பெனி முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கட்டியது. அதே காலத்தில் புல்மன் ஸ்டாண்டர்ட் கட்டிய சில பெட்டிகளில் உள்ளே சாதா எஃகு, மேலே அலங்காரத்துக்கு ஸ்டெயின்லெஸ் தகடு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, வெளியே மின்னிக்கொண்டே உள்ளே அரித்துவிட்டது. ஓட்டல்காரரின் டைல்ஸும் இதே கதைதான். ஆனால் ஓட்டினால் பயணிக்கு வசதி கேட்கும், வசதி செய்தால் பழசு போகும். 1982இல் தொடங்கிய ராஜஸ்தான் சொகுசு ரயில் பேலஸ் ஆன் வீல்ஸ் முதலில் சமஸ்தான ராஜாக்களின் நிஜமான சலூன் பெட்டிகளோடுதான் ஓடியது, பத்து வருஷத்துக்குள் அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிய பெட்டிகளைப் பூட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகாகோவில் புல்மன் தொழிலாளர் குடியிருப்பையே 2015இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். பெட்டியில் படுக்கை விரித்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1925இல் சங்கம் தொடங்கி 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட கதையும் அங்கே சேர்ந்தே இருக்கிறது. நம் பெரம்பூரில் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் என்று ஸ்டேஷனுக்கே பட்டறையின் பெயர். ஆனால் பெர்த் தைத்த, பலகை இழைத்த கைகளின் பேச்சு எனக்குத் தெரிந்து ஒரு கேசட்டில்கூட இல்லை. அவர்களில் பலர் இன்னும் அயனாவரத்திலும் செம்பியத்திலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா அப்படி ஒருவர் என்றால் போனை எடுத்து ரெக்கார்டிங் போடுங்கள், இன்றைக்கே.

பெட்டி வைத்திருக்கும் பள்ளி, ஓட்டல், கிளப் யாராக இருந்தாலும், மழைக்கு முன்னால் கூரை வென்டிலேட்டர்களைப் பாருங்கள், ஒழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். முடிந்தால் மேலே தனியாக ஒரு ஷீட் கூரை போடுங்கள், பத்துக் கோட் பெயின்டைவிட அது உசத்தி. சோல்பார் ஓட்டைகளைக் குச்சி விட்டுக் குத்தித் திறந்து வையுங்கள், எலிக்கு வேண்டுமானால் கம்பி வலை கட்டலாம். சக்கரத்தைச் சுற்றி கான்கிரீட் ஊற்றாதீர்கள். உள்ளே இடம் வேண்டும் என்றால் எடுங்கள், ஆனால் ஒரு தடுப்பு, எட்டு பெர்த், அப்படியே இருக்கட்டும். சுவர்ப் பலகையை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், பழைய பெட்டிகளில் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் மார்க் 1 என்ற பழைய ரகப் பெட்டிகளைச் சீரமைப்பவர்களுக்கு அதை எடுப்பதே பெரிய செலவு. தெரிந்த ஆளை வைத்துச் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

ஓட்டல்காரர் கேட்டுக்கொண்டார், ஆனால் பெர்த்துக்கு எங்கே போவது? வியாசர்பாடிப் பக்கம் தெரிந்த பாய் கடைக்குக் கூட்டிப் போனேன். தகரக் குவியலுக்கு அடியில் நடு பெர்த் சங்கிலிகள் ஒரு கோணி நிறையக் கிடந்தன. கொக்கியைக் கையில் எடுத்தேன். வளைவின் உள்பக்கம் ஒரே இடத்தில் தேய்ந்து வெள்ளியாக மின்னியது, ராத்திரி தோறும் யாரோ மாட்டி, காலையில் யாரோ கழற்றி. "இன்னா சார், எடைக்குத் தரட்டா, பீஸு கணக்கா?" என்றார் பாய். எடைக்கே வாங்கினோம். நம்பர் பலகைகளில் 17 முதல் 24 வரை தேடிப் பார்த்தோம், 21 மட்டும் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஓட்டல்காரர் வீடியோ அனுப்பினார். டைல்ஸை எடுத்துவிட்டார், ஓட்டைகளைத் திறந்துவிட்டார். மழை நின்று மூன்று நாள் ஆகியும் சோல்பாரில் இருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.